பல் கூசுகிறது என்று எழுதிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது, அதனால் அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கூச்சத்தைவிட, துலக்காமல் விட்டதுதான் எனக்குக் கவலை. அங்கே அழுக்குப் படிந்தால் ஈறு கெட்டு, கூச்சம் கூடவே செய்யும்.

பல்லின் வெளி உறையான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதனடியில் இருக்கும் டென்டினில் மிக நுண்ணிய குழாய்கள் எண்ணற்று உள்ளன. அவற்றுள் திரவம் நிரம்பியிருக்கிறது. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ச்சி பட்டதும் திரவம் சட்டென நகர, உள்ளிருக்கும் நரம்பு சுரீரென்கிறது.

உனக்கு எது காரணம் என்று பல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீ பல் துலக்கும் வேகம் எனக்குத் தெரியும்! கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தேய்ப்பாய். மென்மையான பிரஷ் வாங்கு. ஈறோரம் அழுத்தாமல் துலக்கு. பல்லை வெள்ளையாக்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம். அந்த மோகம் எனக்கு என்றுமே புரிந்ததில்லை.

பழச்சாறோ சோடாவோ குடித்த கையோடு துலக்காதே. அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறு.

பல் கூச்சத்திற்கென்றே விற்கும் பற்பசையில் பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டேனஸ் ஃப்ளோரைடு இருக்கிறதா பார். முன்னது நரம்பின் பதற்றத்தைத் தணிக்கும். பின்னது குழாய்களின் வாயை அடைக்கும். காலையும் இரவும் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நான்காம் நாளே பசையை மாற்றிவிடாதே, உன் பொறுமை தெரிந்துதான் சொல்கிறேன்.

நொடிகளில் அடங்குவது கூச்சம். நிமிடக்கணக்கில் நின்றால், தூக்கத்தைக் கெடுத்தால், கடிக்கும்போது ஒரே பல்லில் குத்தினால் சொத்தையோ விரிசலோ இருக்கலாம், பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் உட்கூழ் அழன்றிருக்கலாம். அதற்குப் பற்பசை உதவாது. மாத்திரை போட்டு நாளைக் கடத்தாமல் உடனே போ. 4 வாரத்தில் கூச்சம் குறையாவிட்டாலும் போக வேண்டும்.

எந்தப் பல், சூட்டுக்கா குளிருக்கா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இன்றிலிருந்தே குறித்து வை. மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கும் அதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா