செயலாளரின் ஆண்டறிக்கை: செ. இராசதுரை ஆவணத் திரட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

மட்டக்களப்புத் தொகுதியை 1956 முதல் 1989 வரை பாராளுமன்றத்தில் தொடர்ந்து பிரதிநிதித்துவம் செய்தவரும், அவ்வாண்டுகளின் பிற்பகுதியில் அமைச்சரவை அமைச்சராகப் பதவி வகித்தவருமான செ. இராசதுரை அவர்களின் அரசியல் வாழ்வு தொடர்பான ஆவணங்களைத் திரட்டுவதே, சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்திற்கமைய, இவ்வாண்டு எமது வாசகர் வட்டத்தின் பிரதான பணியாக அமைந்தது. மாதாந்தக் கூட்டங்களும் பெரும்பாலும் இதனையொட்டியே நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்பாத இளைஞராக, தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக அவர் முதன்முறை தெரிவானார். மேடைப் பேச்சே அவருக்கு இப்பகுதியில் பெயர் வாங்கிக் கொடுத்தது. ‘சொல்லின் செல்வர்’ என்றால் இன்றும் மூத்தோருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1961இல் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் (மாவட்ட அரச அலுவலகத்தின்) முன் நடந்த சத்தியாக்கிரகத்திலும், 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையின் முதலாவது மேயர் என்ற பதவியிலும் அவரைக் காண்கிறோம்.

திரட்டில் சேர்ந்தவற்றுள் நான் பெரிதும் மதிப்பது 1977ஆம் ஆண்டுத் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்றையாகும். மடித்த இடங்களில் கிழிந்து, பின்புறம் சோற்றுப்பசையால் ஒட்டப்பட்டிருக்கும் அத்தாளில் உதயசூரியன் சின்னம் மட்டும் மங்காமல் இருக்கிறது. மட்டக்களப்பு அப்போது இருவரைத் தெரிவுசெய்யும் இரட்டை அங்கத்தவர் தொகுதி. இராசதுரை, தமிழரசுக் கட்சியும் அங்கம் வகித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனிலும், கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலும் போட்டியிட்டனர். ஓர் அணியைச் சேர்ந்த இருவர் இரு சின்னங்களில் நின்றமை ஊருக்குள் ஏற்படுத்திய பிளவை, அக்காலத்தில் வாக்களித்த அங்கத்தவர்கள் எமது கூட்டத்தில் நேற்று நடந்ததுபோல் எடுத்துரைத்தார்கள். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். அந்த மனக்கசப்பை அறியாமல் அடுத்து நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது என்பது எனது கருத்து.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிப்போட்டு ஓராண்டு கழியுமுன்னர், 1979இல் அவர் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில் இணைந்து, பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். இது பற்றிய கூட்டம் இவ்வாண்டின் மிக நீண்ட கூட்டமாக இருந்தது. ஒரு சாரார் அதனைத் துரோகமென்றே கூறினர். மறு சாரார், அழிவிலிருந்து மீள வேண்டியிருந்த ஊருக்கு அமைச்சரவையில் ஒரு குரல் தேவைப்பட்டது என்றனர். அவ்வாண்டு பெப்ரவரியில் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், கட்சி மாறிய உறுப்பினரின் ஆசனத்தைப் பற்றித் தீர்மானிக்கும் வாய்ப்பைப் பாராளுமன்றத்திடமே விட்டது. 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பினால் அப்பாராளுமன்றத்தின் காலமும் நீடிக்கப்பட்டது. ஆகவே, உதயசூரியனுக்கு வாக்களித்த மக்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்கப்படாமலே அவர் பத்தாண்டு காலம் அமைச்சராக இருந்தார். அவர் செய்த பணிகளை நன்றியோடு நினைப்பவன் என்ற முறையிலும், அந்தக் கேள்வி மக்களிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை இவ்வறிக்கையில் பதிவு செய்கிறேன்.

தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தின்கீழ்ச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் 1983இல் ஆசனங்களை இழந்தபின், இராசதுரையும், ஐக்கிய தேசியக் கட்சியின் கல்குடா உறுப்பினர் கே. டபிள்யூ. தேவநாயகம் அவர்களும் அமைச்சரவையில் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு மக்கள் பட்ட துன்பங்களுக்கு அவ்விருவரும் எந்த அளவு குரல் கொடுத்தார்கள் என்பதை ஹன்சாட் எனப்படும் பாராளுமன்ற உரைப் பதிவுகளை முழுமையாகப் படித்த பின்னரே எழுத வேண்டும் எனச் சபை தீர்மானித்தது.

இராசதுரையின் பொறுப்பிலிருந்த இந்து சமய அலுவல்களின் கீழ் 1982இல் கொழும்பில் உலக இந்து மாநாடு நடைபெற்றது. எனினும் எம்மவருக்கு நெருக்கமானது கல்லடியில் அதே ஆண்டு தொடங்கிய சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரியாகும். இசைத்தமிழுக்காக உழைத்த காரைதீவு மைந்தரின் பெயரால் எழுந்த அக்கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்திருக்கிறது. எமது அங்கத்தவர் பலரின் பிள்ளைகள் அங்கே வீணையும் மிருதங்கமும் பரதமும் கற்றவர்கள். அமைச்சுப் பதவிக் காலத்தில் இந்த மண்ணுக்குக் கிடைத்தவற்றுள் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

இதுவரை சேர்ந்தவற்றை ஆண்டு வாரியாகப் பிரித்து, 1979இற்கு முந்தியவையும் பிந்தியவையும் ஒரே கோப்பில் இருக்கத்தக்கதாகத் தொகுத்துள்ளோம். தமிழரசு மேடைகளில் எடுத்த படங்களை மட்டும் தனிக்கோப்பாக்குமாறு வந்த யோசனையைச் சபை ஏற்கவில்லை. ஈரக்காற்றில் தாள்கள் கெட்டுப்போவதால், அவற்றை மின்வருடிப் பிரதியெடுக்கும் வேலையை அடுத்த நிர்வாக சபை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சூறாவளி நிவாரண வேலைகள் தொடர்பான கடிதங்களோ படங்களோ வைத்திருப்போர் பிரதியெடுக்க இரவல் தந்துதவுமாறும், எடுத்தபின் மூலப்பிரதிகள் உரியவரிடமே திருப்பிக் கொடுக்கப்படும் என்றும் தெரிவித்து, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்