ஆட்டோபைலட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் படங்களும் வந்து பத்து நாளாகிறது. நீ கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. டிவியில் கீழே ஓடும் எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டு எங்களுக்குச் செய்தி சொல்கிறார்கள். சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டதால் சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ வீட்டிலேயே கட்டும் ஆர்.வி.-7 விமானத்தின் இறக்கைப் படத்தைப் பெரிதாக்கி ரிவெட் வரிசையைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கோணலாக இல்லை. ஹாஸ்டல் அறையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதே பொறுமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேகத்துக்குள் போகும் உத்தேசம் இருந்தால், விமானத்தைத் தானாகவே பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட் பெட்டி கட்டாயமா என்று கேட்டாய். சட்டப்படி கட்டாயமில்லை. ஐ.எஃப்.ஆர்., அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க, என்னென்ன வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ரேடியோ, திருத்தி வைக்கக்கூடிய உயரமானி, சாய்வை உணர்ந்து தொடுவானம் காட்டும் ஜைரோ கருவி, திசை காட்டும் ஜைரோ, திரும்பும் வேகம் காட்டும் கருவி, நொடி காட்டும் கடிகாரம் எல்லாம் அதில் உண்டு. ஆட்டோபைலட் இல்லை. ஆனால் அதே எஃப்.ஏ.ஏ., காசு வாங்கிப் பயணிகளை ஏற்றும் சிறு விமானம் மேகத்துக்குள் போவதானால் துணை விமானி வேண்டும் என்கிறது. அவர் இல்லாவிட்டால் அவருக்கு ஈடாக, அனுமதி பெற்று ஆட்டோபைலட்டை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியை அவர்களே இன்னொரு ஆளாகக் கணக்கில் எடுக்கிறார்கள். வலது சீட்டில் உன் மனைவி உட்கார்ந்திருக்கும்போது உனக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் பறக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம், ஜூன் மாதம், ஓரிகானில் யூஜீனிலிருந்து அரோராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். 5,000 அடி, நல்ல அடர்த்தியான மேகம், தனியாள். அப்போது என் விமானத்தில் சர்வோ, அதாவது ஆட்டோபைலட்டின் கையாக வேலை செய்யும் மோட்டார், எதுவும் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். தரையிலிருந்து வழிகாட்டும் கண்ட்ரோலர் ரேடியோவில் புது வழி ஒன்றைச் சொன்னார். தொடையில் கட்டியிருந்த அட்டையில் குனிந்து எழுதினேன், அதைத் திருப்பிப் படித்தும் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் விமானம் வலப்பக்கம் 40 டிகிரி சாய்ந்திருந்தது. உயரம் 300 அடிக்கு மேல் குறைந்துவிட்டது, வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. என் உடம்போ நேராகத்தான் போகிறோம் என்று சொன்னது. கருவித் திரையைப் பார்த்து இறக்கைகளைச் சமமாக்கினேன். உடனே இடப்பக்கம் கவிழ்வதுபோல ஒரு உணர்ச்சி. நாலைந்து நிமிஷம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். இறங்கிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களின் வேலை இது. மெதுவாக ஆரம்பிக்கும் சாய்வை அவை கவனிப்பதே இல்லை. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சுமார் இருபது நொடியில் உள்ளே இருக்கும் திரவமும் குழாயோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும், திரும்புகிறோம் என்ற உணர்வு போய்விடும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை ஒரு பொனான்சா விமானத்தில் வைத்து, வெளியே தெரியாதபடி மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடி. நாம் பயிற்சி எடுத்தவர்கள்தான். ஆனால் பயிற்சி இருப்பதால் காது மாறிவிடாது, காதை நம்பாமலிருக்கத்தான் பழகியிருக்கிறோம். பேனாவும் ரேடியோவும் கையில் இருக்கும்போது அந்தப் பழக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் போதும்.

இன்னொன்று, நாம் கட்டும் விமானத்தின் குணம். நீ பழகிய செஸ்னா 172 விமானத்தில் கையை எடுத்துவிட்டு வரைபடத்தை விரித்தால், அது பாட்டுக்குக் கொஞ்ச நேரம் போகும். ஆர்.வி. அப்படி இல்லை. இரண்டு விரலால் ஓட்டலாம் என்று நாம் கொண்டாடுகிற அந்த லேசான ஸ்டிக்தான் மேகத்துக்குள் நமக்கு வேலை வைக்கிறது. சாய ஆரம்பித்தால் தானாக நிமிராது. வேகமும் அதிகம், மூக்கு இறங்கினால், தாண்டக் கூடாத வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நொடியில் போய்விடும்.

அதனால் என் பதில்: வாங்கு. கையில் பணம் குறைவு என்றால் முதலில் சாய்வுக்கான சர்வோவை மட்டும் வாங்கு. உயிரைக் காப்பது அதுதான். உயரம் பிடிக்கும் சர்வோ களைப்பைக் குறைக்கும், அதை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். வீட்டில் கட்டும் விமானத்துக்குச் சான்றிதழ் பெற்ற பெட்டி தேவையில்லை என்பதால், செஸ்னாக்காரர்கள் கொடுக்கும் விலையை நாம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகையை நமக்கு எதற்குத் தந்திருக்கிறார்கள்?

ஆனால் பெட்டியை வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. 1999 ஜூலையில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுப் பக்கம் கடலில் விழுந்த, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியரின் விமானத்தில் நல்ல ஆட்டோபைலட் இருந்தது. இருட்டும் புகைமூட்டமும் சேர்ந்து தொடுவானமே தெரியாத இரவு அது. எனக்கு ஒவ்வொரு முறை அதை நினைக்கும்போதும் மனசு கனத்துப்போகும். ஆட்டோபைலட் பட்டனைத் தேட வேண்டிய நேரத்தில் கை தானாக அங்கே போக வேண்டும். அதற்கு வெயில் நாளில் நூறு முறை அழுத்திப் பழகியிருக்க வேண்டும்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. 1997 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்குப் போன காமேர் 3272 என்ற பயணிகள் விமானத்தின் கதையைப் படித்துப் பார். இறக்கையில் பனி ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோபைலட் அதைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே இருந்ததால், விமானம் கைமீறிப் போவது விமானிகளுக்குக் கையில் தெரியவில்லை. 29 பேரும் இறந்துபோனார்கள். நம் விமானத்தில் பனி நீக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. உறைநிலை மேகம் என்றால் ஆட்டோபைலட் இருந்தாலும் போகாதே. பெட்டி பாதி வழியில் நின்றுபோனால் கையால் ஓட்டி இறக்க முடியும் என்று நம்பிக்கை இல்லாத நாளிலும் கிளம்பாதே. நான் ஒவ்வொரு மாதமும் இரண்டு அப்ரோச், அதாவது கருவி பார்த்து ஓடுபாதைக்கு இறங்கி வருவது, முழுக்கக் கையாலேயே பறக்கிறேன். ஒன்று முடிந்ததும் சட்டை நனைந்துவிடும், ஆனாலும் விடுவதில்லை.

அப்புறம், திரைக்கும் ஆட்டோபைலட்டுக்கும் ஒரே ஜைரோவிலிருந்து தகவல் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள். ஒன்றையே இரண்டும் நம்பினால், அது கெடும்போது இரண்டும் சேர்ந்து போகும். தனி ஜைரோ உள்ள பெட்டியோ, இரண்டாவது ஜைரோவும் மாற்று பேட்டரியுமோ, ஏதாவது ஒன்று இருக்கட்டும். சர்வோவைப் பொருத்தும்போது ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் தள்ளிப் பார். சர்வோவின் கை நேர்க்கோட்டைத் தாண்டிப் போனால் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பிறகு ஸ்டிக் திரும்பி வராது. மாட்டியதும் இதை நீயே பார், இன்னொருவரையும் பார்க்கச் சொல்.

வலது இறக்கையின் அடித்தகட்டை இன்னும் மூடவில்லை என்று எழுதியிருந்தாய். பெட்டி எது என்று முடிவு செய்ய ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, மூடுவதற்கு முன்னால் இறக்கைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை விட்டு, விமானத்தைச் சாய்க்கும் ஏலரான் தகட்டை அசைக்கிற பெல்கிராங்க் நெம்புகோல் வரைக்கும் சர்வோவுக்கான கம்பிகளை இழுத்து, நுனியில் டேப் சுற்றி, எது எது என்று எழுதிக் கட்டிவை. நான் அதைச் செய்யாமல் மூடிவிட்டு, பிறகு கைகூட நுழையாத ஓட்டை வழியாக மூன்று வாரம் போராடினேன். இந்த வாரமே செய்துவிட்டுப் படம் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்