கம்பியில் குத்திய ரசீதுகள்

சாக்ரமெண்டோ,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று போனில் சொன்னதும், தவணை கட்ட முடியாமல் பிடுங்கிக்கொண்டார்களோ என்று பயந்துவிட்டீர்கள். அப்படி இல்லை அப்பா. கம்பெனியே பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டது.

போன வருடம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தோமே, அதே வண்டிதான். 6,000 மைல் ஓடியிருந்தபோது ஒருநாள் ஃப்ரீவேயில் வேகம் அப்படியே செத்துப்போனது. எவ்வளவு மிதித்தும் ஏறவில்லை. பின்னால் லாரி, பின் சீட்டில் குழந்தை. சர்வீஸில் விட்டோம். சாஃப்ட்வேர் மாற்றியாயிற்று, இனி வராது என்றார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் வந்தது. நான்கு முறை விட்டோம். எல்லாம் சேர்த்து 41 நாள் வண்டி அவர்களிடமே நின்றது.

பக்கத்து வீட்டு அம்மாதான் சட்டம் இருப்பதைச் சொன்னார். இப்படிப்பட்ட வண்டியை இங்கே 'லெமன்' என்பார்கள். கலிஃபோர்னியாவில் 1970இலேயே சாங்-பெவர்லி சட்டம் வந்துவிட்டது. வாரண்டியில் உள்ள பழுதை நியாயமான அளவு முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால், கம்பெனி வேறு வண்டி தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். எது என்று சொல்வது வாங்கியவர்தான். முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், உயிருக்கு ஆபத்தான பழுதுக்கு 2 முறை, மற்றதற்கு 4 முறை விட்டிருந்தாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி பட்டறையில் கிடந்தாலோ, போதுமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கம்பெனியின் பாடு.

ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். உங்கள் பழக்கம்தான் அப்பா காப்பாற்றியது. கடையில் பில்களைக் கம்பியில் குத்தி வைப்பீர்களே, அதேபோல ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். "பழுது எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்த சீட்டையும் விடவில்லை. வண்டி வந்த தேதி, போன தேதி, மைல் கணக்கு எல்லாம் அதில் இருந்தது. கம்பெனிக்கும் நேரடியாகக் கடிதம் எழுதினேன்.

முதலில் கொஞ்சம் பணம் தருகிறோம், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். வக்கீல் எங்களிடம் ஒரு டாலர் கூட வாங்கவில்லை. வாங்கியவர் ஜெயித்தால் வக்கீல் செலவும் கம்பெனி தலையில்தான். விலை 36,000 டாலர். முதல்முறை பழுது என்று விட்டது வரை ஓட்டியதற்கு மட்டும் கழிப்பார்கள்: 6,000 மைலை 1,20,000ஆல் வகுத்து விலையால் பெருக்கினால் 1,800 டாலர். விற்பனை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தே திரும்பி வந்தது. அந்த வண்டியை இனி மறைத்து விற்கவும் முடியாது. உரிமைப் பத்திரத்திலேயே 'லெமன்' என்று முத்திரை, கதவு ஓரத்தில் ஸ்டிக்கர்.

பணம் வந்த அன்று நம் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வந்தது. வாங்கிய மாதமே எரிந்து, நீங்கள் அந்தக் கடைக்கு எத்தனை முறை பஸ் ஏறினீர்கள்! கடைசியில் கடன் வாங்கி வேறு போட்டீர்கள். அப்போது யாராவது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருந்தால் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தம்பி தை மாதம் கார் எடுக்கப்போகிறானாமே. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்கச் சொல்லுங்கள். தகராறு வந்தால் நம் நாட்டின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவன் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். குழந்தை இப்போது 'தாத்தா' என்று தெளிவாகச் சொல்கிறாள்.

உங்கள் அன்பு மகள்,
கலை