விளிம்பில் இருக்கும் பெயர்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. லண்டன் பழம்பொருள் கடையில் நீ வாங்கிய வெள்ளிப் பதக்கத்தின் படங்களைப் பார்த்தேன். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகமும், மறுபுறம் குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜின் உருவமும், 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருப்பதால், இது முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்தான். வெள்ளியில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் வழங்கியிருக்கிறார்கள். ஆகவே இது அரிதானது அல்ல என்று கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை. அரிதானது அதன் விளிம்பு. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை அங்கேதான் பொறித்தார்கள்.

பெயர் பாதி தேய்ந்திருந்தாலும் 28ஆம் இலகு குதிரைப்படை என்பது தெரிகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது 1784இல் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட படை. மெட்ராஸ் லான்சர்ஸ் என்று பெயர் பெற்றிருந்து, பின்னர் 28 என்ற எண்ணைப் பெற்றது. இன்று இந்திய ராணுவத்தில் அது 7ஆம் இலகு குதிரைப்படை. வடக்கே பல குதிரைப்படைகளில் சிப்பாயே தன் குதிரைக்குப் பொறுப்பேற்கும் சில்லாதார் முறை இருந்தபோது, மெட்ராஸ் படைகளில் அரசே குதிரை கொடுத்தது.

அந்தப் படையைச் சேர்ந்தவர்தான் கோவிந்த் சிங். 1887இல் ராஜபுதனத்தின் தமோய் கிராமத்தில் பிறந்தவர். பிரான்ஸில் 2ஆம் லான்சர்ஸ் படையோடு இணைக்கப்பட்டு, லான்ஸ் தபேதாராக இருந்தார். (தபேதார் என்றதும் கலெக்டர் அலுவலக வாசலில் நிற்பவரை நினைத்துவிடாதே, குதிரைப்படையில் அது சார்ஜென்டுக்கு இணையான பதவி, லான்ஸ் தபேதார் அதற்கு ஒரு படி கீழே.) 1917 டிசம்பர் 1ஆம் நாள், கம்ப்ரே போரின்போது, முன்னேறிச் சென்று சிக்கிக்கொண்ட படைக்கும் பிரிகேட் தலைமையகத்துக்கும் இடையே செய்தி கொண்டுசெல்ல அவர் தாமாகவே மூன்று முறை முன்வந்தார். ஒன்றரை மைல் திறந்தவெளி. எதிரியின் கண்ணும் குண்டும் படாத இடமே இல்லை. மூன்று முறையும் குதிரை சுடப்பட்டது. மூன்று முறையும் மீதி வழியைக் கால்நடையாகக் கடந்து செய்தியைச் சேர்த்தார். அந்தக் குதிரைகளை நினைத்தாலும் எனக்கு மனம் கலங்குகிறது. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்று, பிற்பாடு ஜமேதாராக உயர்ந்து, 1942இல் மறைந்தார்.

அவருடைய வாழ்க்கை நமக்குத் தெரிவதற்கு விக்டோரியா கிராஸ்தான் காரணம். அதனால்தான் அரசிதழில் அவர் பெயர் அச்சேறியது. உன் கையில் இருக்கும் பதக்கத்துக்கு உரியவரும் அதே படையில் சேவை செய்தவர்தான். அவருக்கு அந்த விளிம்பைத் தவிர வேறு சாட்சி இருக்குமா என்று தெரியாது. 1980இல் வெள்ளி விலை ஏறியபோது இத்தகைய பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன, இது தப்பியிருக்கிறது.

ஆகையால், பளபளப்பாக்கித் தருகிறேன் என்று நீ சொன்னதை மட்டும் செய்யாதே அம்மா. எழுத்துகளைத் தேய்த்தது முன்பு யாரோ போட்ட பாலிஷ்தான். பக்கவாட்டில் விளக்கு வைத்து, விளிம்பைச் சுற்றிலும் படமெடுத்து அனுப்பு. பெற்றவரின் எண்ணில் கடைசி இலக்கம் 3 போலவும் 8 போலவும் தெரிகிறது.

அன்புடன்,
அப்பா