செயலாளரின் ஆண்டறிக்கை: தரோபிரெட் வகுப்பும் பதிவுச் சான்றும்

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள், பிள்ளைகளை அழைத்துவந்து வெயிலிலும் மழையிலும் வேலியோரம் நிற்கும் பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் குதிரைச் சங்கம் இந்த ஆண்டும் வசந்தகாலக் குதிரைக் காட்சியையும் கோடைக் காட்சியையும் நடத்தியது. இலையுதிர் காலத்தில் நடக்கவேண்டிய ஒருநாள் காட்சியை மைதானம் சேறாகிவிட்டதால் கைவிட்டோம். நுழைவுக் கட்டணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. நோய்த் தடுப்பு விஷயத்தில் யாருக்கும் விலக்கு தரவில்லை. குதிரைத் தொற்று இரத்தசோகையைக் கண்டறியும் காகின்ஸ் பரிசோதனைச் சான்று இல்லாமல் வந்த குதிரைகளை டிரெய்லரிலிருந்து இறக்கவே விடவில்லை. இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்று தெரியும். அந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது என்பதால் இந்த விதியைத் தளர்த்த முடியாது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அக்டோபரில் லெக்சிங்டன் கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் நடந்த தரோபிரெட் மேக்ஓவர் போட்டிக்குத் தன்னார்வலர்களாகப் போய் வந்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

இந்த ஆண்டு குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்துக்கு மட்டும் என்று நாம் அறிவித்த போட்டி வகுப்பில், இனப் பதிவேட்டில் பதிவில்லாத குதிரையை இறக்கலாமா, கூடாதா? இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காட்சிக்குப் பிறகு இரு தரப்பிலும் வாய்க்கு வந்தபடி பேச்சு கிளம்பிவிட்டது. நடந்தது எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

கோடைக் காட்சியில், குதிரையின் நடையையும் பாங்கையும் பார்த்து மதிப்பிடும் தரோபிரெட் ஹண்டர் பிரிவின் சவாரி வகுப்பில் ஒரு பெட்டைக் குதிரை முதலிடம் பெற்றது. நடை, கட்டுக்கோப்பு, அமைதி என்று எதிலும் குறை சொல்ல முடியாத குதிரை. ஏலத்தில் கசாப்புக்குப் போகவிருந்ததை மீட்டு வளர்த்த குடும்பம் அது. பந்தயக் குதிரைகளுக்கு உதட்டின் உள்ளே குத்தும் அடையாளப் பச்சை இல்லை, கையில் பதிவுச் சான்றும் இல்லை. இரண்டாம் இடம் பெற்றவர் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “தரோபிரெட் என்பதற்கு என்ன ஆதாரம்?” நம் பரிசுப் பட்டியலில் ‘தரோபிரெட் குதிரைகளுக்கு மட்டும்’ என்று இருந்ததே தவிர, ‘பதிவு பெற்ற’ என்ற சொல் எங்கும் இல்லை. எனவே நம் ரிப்பன் வென்றவரிடமே இருந்தது. தரோபிரெட் குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப் என்ற அமைப்பின் தரோபிரெட் ஊக்கத் திட்டப் பரிசை மட்டும் அந்தக் குதிரைக்குத் தர வழியில்லை. அந்தத் திட்டம் ஜாக்கி கிளப்பில் அல்லது அது ஏற்கும் வெளிநாட்டு வம்சப் பதிவேட்டில் பதிவான குதிரைகளுக்கே உரியது. நுழைவிலேயே திட்ட எண் கேட்பார்கள். ஆகவே அந்தப் பரிசு அதற்கடுத்த தகுதியுள்ள குதிரைக்குப் போயிற்று. ஒரே வகுப்பில் இருவர் வென்றதுபோல் ஆனது. இரு வீட்டுப் பிள்ளைகளும் வாடிய முகத்தோடுதான் திரும்பினார்கள்.

நடுவர் ஏன் தடுக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நடுவர் வளையத்துக்குள் இருப்பதை மட்டும் பார்ப்பவர். குதிரையின் தாத்தா யார் என்று கேட்பது அவர் வேலையல்ல. தகுதியைப் பார்க்க வேண்டியது நுழைவு வாங்கும் மேசை. அந்த மேசையில் உட்காருகிறவருக்கு எதைப் பார்ப்பது என்று விதி சொல்ல வேண்டும்.

சரி, தரோபிரெட் என்றால் என்ன? டார்லி அரேபியன், பயர்லி டர்க், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளிலிருந்து தந்தைவழி வந்த இனம் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1791-லேயே வம்சப் பதிவேடு அச்சாகிவிட்டது. அமெரிக்காவில் 1894-இல் தொடங்கிய ஜாக்கி கிளப் இன்றும் அமெரிக்க வம்சப் பதிவேட்டை வைத்திருக்கிறது. அது மூடிய பதிவேடு. தாயும் தந்தையும் பதிவில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். அதனால் ‘பதிவில்லாத தரோபிரெட்’ என்பதே பொருந்தாத பேச்சு என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். நான் அதை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டால் பிள்ளை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

பதிவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்லும் குதிரைகளில் குறைந்தது மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒரே கூடையில் போட்டதால்தான் இவ்வளவு சண்டை.

முதல் வகை, பதிவு இருக்கிறது, காகிதம் மட்டும் கையில் இல்லை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளில் இது மிகச் சாதாரணம். குதிரை மறுபடி பந்தயத்துக்கோ இனப்பெருக்கத்துக்கோ போய்விடக்கூடாது என்று விற்பவர் வேண்டுமென்றே சான்றைத் தராமல் வைத்துக்கொள்வதும் உண்டு. இந்தக் குதிரை பதிவு பெற்றதுதான். அதன் எண்ணைக் கண்டுபிடித்தால் போதும், ஊக்கத் திட்டத்திலும் சேரலாம். காகிதமே வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், ஓடி ஓடி உழைத்த குதிரையை அதன் இனத்துக்கான வகுப்பிலிருந்தே விரட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் மேல் உதட்டின் உட்புறத்திலேயே இருக்கிறது. 1947 முதல் அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கு அங்கே பச்சை குத்தி வந்தார்கள். முதலில் ஓர் ஆங்கில எழுத்து, அது பிறந்த ஆண்டைக் காட்டும். பின்னால் வரும் எண்கள் பதிவு எண்ணோடு பொருந்தும். எழுத்து வரிசை 26 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1971-க்கு ஏ, மறுபடி 1997-க்கும் ஏ. ஜே என்றால் 1980 அல்லது 2006. எது என்று பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் சங்கத்தின் லாயத்தில் இதற்கென்றே ஒரு நாள் வைத்தோம். டார்ச் விளக்கும் ஈரத்துணியும் பொறுமையும் இருந்தால் போதும். பழைய பச்சை மங்கிப்போய் ஆறு எது, எட்டு எது என்று தெரியாத குதிரைகளும் வந்தன. பல கோணத்தில் படம் எடுத்து, பொருந்தக்கூடிய எண்களையெல்லாம் எழுதி, குதிரையின் நிறம், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, மயிர்ச் சுழி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பதிவுக் குறிப்பில் சுழிகளையும் எழுதி வைப்பார்கள் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. லாயத்தில் செல்லப்பெயர் மட்டுமே கொண்டிருந்த ஒரு விதையடித்த குதிரைக்கு அன்று சொந்தப் பெயரும் தாய் தந்தை பெயரும் கிடைத்தன. அதை வைத்திருக்கும் சிறுமி அழுதுவிட்டாள். சுற்றி நின்ற பெரியவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

2017-லும் அதற்குப் பிறகும் பிறந்த குட்டிகளுக்குப் பதிவின்போதே மைக்ரோசிப் கட்டாயம். 2018 குட்டிகளிலிருந்து சான்றும் மின்வடிவில்தான். ஆகவே இளம் குதிரைகளுக்கு ‘காகிதத்தைக் காட்டு’ என்பதே பழைய பேச்சாகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப் இருக்கிறது என்பதால் மட்டும் குதிரை தரோபிரெட் ஆகிவிடாது. அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஹண்டர், ஜம்பர் (தடை தாண்டும்) வகுப்புகளுக்கு 2017 டிசம்பர் முதல் சிப் கேட்கிறது. அதற்காக எந்த இனக் குதிரைக்கும் கால்நடை மருத்துவர் சிப் வைப்பார். சிப் எண் ஜாக்கி கிளப் பதிவோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கழுத்தில் கருவியை வைத்து ஒலி வந்ததும் ‘சரி, போ’ என்று விட்டுவிடக்கூடாது.

இரண்டாவது வகை, இரத்தத்தில் முழுத் தரோபிரெட், ஆனால் பதிவே செய்ய முடியாதது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை ஜாக்கி கிளப் பதிவு செய்யாது. இயற்கையான சேர்க்கை மட்டும்தான் செல்லும். கருமாற்றமும் குளோனிங்கும் அப்படியே. ஆனால் தாண்டுதலுக்கும் டிரெஸ்ஸாஜ் என்ற நடைப் பயிற்சிப் போட்டிக்கும் குதிரை வளர்ப்பவர்கள் நல்ல தரோபிரெட் ஆண் குதிரையின் விந்தைக் குளிரூட்டி வரவழைத்துத் தங்கள் பதிவு பெற்ற பெட்டைக் குதிரைக்கு ஊட்டுகிறார்கள். தாய் தந்தை இருவரும் பதிவில் இருந்தும் குட்டி பதிவில் இல்லை. உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் விட்டு, பிறகு தாமதக் கட்டணத்துக்குப் பயந்து அப்படியே விடப்பட்ட குட்டிகளையும் இதோடு சேர்க்கலாம். இவற்றில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தாய், தந்தை இருவரின் மயிர் மாதிரியும் கிடைத்தால் டிஎன்ஏ ஆய்வகம் பெற்றோரை உறுதி செய்துவிடும். ஜாக்கி கிளப்பே 2001 முதல் டிஎன்ஏ வைத்துத்தான் பெற்றோரைச் சரிபார்க்கிறது.

மூன்றாவது வகை, பார்த்தால் தரோபிரெட் மாதிரி இருக்கும் குதிரை. மீட்கப்பட்ட குதிரைகள் பலவும் இதில்தான் வரும். உயரம், மெல்லிய தோல், சாய்ந்த தோள், நீண்ட எட்டு என்று எல்லாம் பொருந்தும். ஆனால் குவார்ட்டர் குதிரைக்கும் தரோபிரெட்டுக்கும் பிறந்த அப்பெண்டிக்ஸ் குதிரையும் அதேபோலத்தான் இருக்கும். நானே பக்கத்தில் நின்று பார்த்தும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனதுண்டு. மயிரை அனுப்பி இனப் பரிசோதனை செய்தால் தீர்ந்ததே என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பரிசோதனை எந்த இனத்துக்கு நெருக்கம் என்று சாத்தியத்தைத்தான் சொல்லும், பெற்றோர் பெயரைச் சொல்லாது. அதை வைத்து ஒரு வகுப்பின் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை, குழுவுக்கும் இல்லை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் குழுவில் பேச்சு உருப்படியாக நடந்தது. ‘காட்சி என்பது பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு, எதற்கு இவ்வளவு கெடுபிடி’ என்றார் ஒருவர். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இன வகுப்பு வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் பந்தயத் தடத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரைகளுக்கு இரண்டாவது வேலை கிடைக்க வேண்டும், ‘இந்தக் குதிரை இதையும் செய்யும்’ என்று வாங்குபவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஜாக்கி கிளப் 2011-இல் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. நம்மைப் போன்ற சிறு காட்சிகளிலும் பரிசு வைக்க அது இடம் தருகிறது. தரோபிரெட் என்று நாம் கொடுக்கும் ரிப்பனை நம்பி ஒருவர் குதிரை வாங்கலாம். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. அதேசமயம், ஒரு குதிரையின் பழைய உரிமையாளர் காகிதத்தைத் தராமல் போனதற்கு அதன் இன்றைய சவாரிக்காரரைத் தண்டிக்கவும் நமக்கு உரிமை இல்லை.

குழு ஒருமனதாக ஏற்று, இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் விதி இதுதான். தரோபிரெட் பிரிவுக்குச் சான்றுக் காகிதம் தேவையில்லை. பதிவு எண்ணோ, ஊக்கத் திட்ட எண்ணோ, வாசிக்கக்கூடிய உதட்டுப் பச்சையோ, ஜாக்கி கிளப் பதிவோடு பொருந்தும் சிப் எண்ணோ, ஏதாவது ஒன்று போதும். வெளிநாட்டில் பதிவானவை அந்த நாட்டுக் கடவுச்சீட்டை அல்லது பதிவேட்டு எண்ணைக் காட்டலாம். பதிவில் சேர முடியாத குட்டிகள், பதிவு பெற்ற தாய் தந்தையின் எண்களோடு டிஎன்ஏ பெற்றோர் அறிக்கையையும் கொடுத்தால் சங்கத்தின் ரிப்பனுக்கும் ஆண்டுப் புள்ளிகளுக்கும் தகுதி பெறும். ஊக்கத் திட்டப் பரிசுக்கு மட்டும் தகுதி இல்லை. இதை நுழைவுப் படிவத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சிடுவோம். பரிசளிக்கும் இடத்தில் வைத்து ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லும் நிலை இனி வரக்கூடாது.

மூன்றாவது வகைக்கு இன நிபந்தனை இல்லாத தனி வகுப்பு ஒன்றைத் தொடங்க முன்மொழிகிறோம். மீட்கப்பட்ட, மறுவாழ்வு பெற்ற எந்தக் குதிரையும் அதில் இறங்கலாம். தரோபிரெட் பிரிவுக்குத் தரும் அதே அளவு ரிப்பன், அதே அளவு கோப்பை. இது ஆறுதல் பரிசு ஆகிவிடக்கூடாது என்று நான் குழுவில் அழுத்திச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். எலும்பும் தோலுமாக வந்த குதிரையைத் தேற்றி, மனிதக் கையை நம்பவைத்து, வளையத்தில் நிதானமாக நடக்கவைத்தவரின் வேலை எந்த வம்சாவளிக்கும் குறைந்ததல்ல. கோடைக் காட்சியில் வென்ற அந்தப் பெட்டைக் குதிரையின் குடும்பம் இந்த வகுப்புக்கான கோப்பையைத் தாங்களே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்சேபம் கொடுத்த உறுப்பினர் வகுப்பின் விதிகளை எழுதித் தர முன்வந்திருக்கிறார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆட்சேப முறையிலும் ஒரு மாற்றம் உண்டு. இனி தகுதி பற்றிய ஆட்சேபத்தை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நுழைவு மேசையில் கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்தபின் கொடுத்தால், பொய்த் தகவல் தந்ததாகச் சந்தேகம் இருந்தால் மட்டும் விசாரிப்போம்.

உதட்டுப் பச்சை வாசிக்கும் நாளை வரும் பிப்ரவரியிலும் நடத்த இருக்கிறோம். குதிரையைப் பிடித்து நிற்கத் தெரிந்தவர்களும், கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்களும் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். உதட்டைத் தொட விடாத குதிரையோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். கால்நடை மருத்துவர் பல் பார்க்க வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். வசந்தகாலக் காட்சிக்கான ஆதாரங்களை மார்ச் மாதக் கடைசி நாளுக்குள் அனுப்பினால் சரிபார்க்க எங்களுக்கு நேரம் இருக்கும். பிறகு கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம், அந்தக் காட்சிக்கு மட்டும் தரோபிரெட் பிரிவில் சேர்க்க முடியாது.

அறிக்கையை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் விதித் திருத்தத்துக்கான வாக்கெடுப்பைத் தலைவர் நடத்துவார்.

இப்படிக்கு,
செயலாளர்