தகர்ந்தது நியூட்டனா, தலைப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் 'தகர்ந்தது நியூட்டன் விதி: காட்டிக்கொடுத்த விண்மீன் ஜோடிகள்' என்ற செய்தியைப் படித்தேன். முப்பத்துநான்கு வருடம் தியோடலைட்டைச் சுமந்து நிலம் அளந்தவன் நான். கோணம் அளக்கிறவன் எங்கே சறுக்குவான் என்பது கொஞ்சம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த ஐரோப்பிய விண்கலம் கையா. அதன் அளவைகளை வைத்து, வெகுதூரம் விலகி நிற்கும் விண்மீன் ஜோடிகள் நியூட்டன் கணக்கைவிட வேகமாகச் சுற்றுகின்றன என்று தென்கொரிய வானியலாளர் கியூ-ஹியூன் சே 2023இல் சொன்னது உண்மைதான். அதே வருடம், அதே கையாவின் அளவைகளை வைத்து இந்திரனில் பானிக் குழுவினர் நியூட்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். இந்த இரண்டாவது பாதி உங்கள் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

அளக்க வேண்டியது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். சூரியன் அளவு நிறையுள்ள இரண்டு விண்மீன்கள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 10,000 மடங்கு விலகி நின்று ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏழு லட்சம் வருடம் ஆகும். முழுச் சுற்றைப் பார்க்க எவருக்கும் ஆயுள் போதாது. இந்த நொடியில் என்ன வேகம் என்று மட்டும்தான் பார்க்கலாம். நியூட்டன் கணக்குப்படி அது நொடிக்குச் சுமார் 420 மீட்டர். ஈர்ப்பு மிகவும் பலவீனமான இடத்தில் நியூட்டன் விதி மாறிவிடும் என்று 1983இல் இயற்பியலாளர் மில்க்ரோம் முன்வைத்த மாற்றுக் கொள்கை சரியென்றால், இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதாவது 80 மீட்டர் சொச்சம். ஜோடி 326 ஒளியாண்டு தொலைவில் இருந்தால், அந்த 80 மீட்டர் நம் கண்ணுக்கு வருடத்துக்கு விகலையில் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் விகலை) ஆறாயிரத்தில் ஒரு பங்கு நகர்வு. நான் கையாண்ட நல்ல கருவியே ஒரு விகலைதான் காட்டும்; அதுவே ஒரு கிலோமீட்டர் தள்ளி 5 மில்லிமீட்டர்.

கையாவுக்கு இந்த நகர்வை அளக்கும் திறன் உண்டு. தகராறு கருவியில் இல்லை, ஜோடியில்தான். அந்த இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில், நெப்டியூன் இருக்கும் தூரத்தில், சூரியனில் பத்தில் ஒரு பங்கு நிறையுள்ள மங்கலான மூன்றாவது ஒன்று ஒளிந்திருந்தால் போதும். அது தன் துணையை நொடிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டும். அந்த ஆட்டம் ஒரு சுற்று முடிய நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆவதால், சில வருட அளவையில் நேர்கோடாகவே தெரியும். தேடுவது 80 மீட்டர், குழப்புவது 500! இப்படி ஒளிந்திருப்பவை எத்தனை, அவற்றை எப்படிக் கழிப்பது என்பதில்தான் இரு தரப்பும் பெரிதும் மோதுகின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எல்லைக்கல் நகர்ந்துவிட்டதாக அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு குடும்பம் கைகலப்பு வரை போனது. மறுநாள் மூத்தவர் வந்து பார்த்தால், என் முக்காலியின் ஒரு கால் ஈரமண்ணில் இறங்கியிருந்தது. கல் கல்லாட்டம் அங்கேயேதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையாவின் பட்டியலைத் தயாரிக்கும்போதே, சூரியனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை வளைப்பதைக் கழித்துவிடுகிறார்கள். 1919 கிரகணத்தின்போது சூரிய விளிம்பையொட்டித் தேடியது 1.75 விகலை வளைவை. சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள விண்மீனுக்குக்கூட அது ஆயிரத்தில் நான்கு விகலை, கையாவின் கண்ணுக்கு மலை. நியூட்டனைத் திருத்திய ஐன்ஸ்டீனின் கணக்கு இல்லாமல் அந்தப் பட்டியலே இல்லை.

கையா 2025 ஜனவரியில் அளப்பதை நிறுத்திவிட்டது. ஐந்தரை வருட அளவைகள் கொண்ட அடுத்த தொகுப்பை 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டம். அதில் ஒவ்வொரு விண்மீனின் அளவைகளும் தேதிவாரியாக இருக்கும், ஒளிந்திருப்பவற்றில் பலவற்றைப் பிடிக்கலாம். அப்போது முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இதே பக்கத்தில், இதே அளவு எழுத்தில் போடுங்கள். ஏழாம் பக்க மூலையில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்