இக்கீக்கே: பார்க்க ஒன்றுமில்லாத ஊரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த தென் அமெரிக்கக் கப்பல் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். சிலியின் வால்பரைசோவிலிருந்து பெருவின் கயாவோ வரையிலான கடற்பயணத்தைச் சுவைபட எழுதியிருந்த கட்டுரையாளர், வழியில் உள்ள இக்கீக்கே துறைமுகத்தை மட்டும் மூன்றே வரிகளில் முடித்துவிட்டார். பாலைவனத்து ஓரத்தில் பார்க்க ஒன்றுமில்லாத ஊர் அது என்றும், வரியில்லாக் கடைகளில் பொருள் வாங்க விரும்பாதவர்கள் கப்பலிலேயே ஓய்வெடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று வரிகளுக்குள் இரண்டு பிழைகளும் இருக்கின்றன. ஊர்ப் பெயரை 'இக்விக்' என்று எழுதியதை நான் பிழையில் சேர்க்கவில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் படிப்பார்கள். அவ்வூரார் 'இக்கீக்கே' என்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். சோடியம் நைட்ரேட்டுக்குச் 'சிலி வெடியுப்பு' என்ற பெயரும் உண்டு என்னும் ஒற்றை வரியை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த உப்பை யார் வெட்டினார்கள், எப்படிக் காய்ச்சினார்கள் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான்தான் விழித்திருப்பேன். பணி ஓய்வுக்குப் பின் என் மகன் வற்புறுத்தி அனுப்பிவைத்த கப்பல் பயணத்தில் இக்கீக்கேயில் ஒரு பகல் கிடைத்தது. அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

காலையில் கப்பல் துறைக்குள் நுழைந்தபோது ஊருக்கு மேலே மூடுபனி கூரைபோல் படிந்திருந்தது. இந்தப் பனியை அங்கே 'கமன்சாகா' என்கிறார்கள். பனி விலகியதும், ஊருக்குப் பின்னால் பல நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு புல்கூட இல்லாத மலைச்சுவர் எழுந்து நிற்பதும், அதன் காலடியில் குடியிருப்புகளை ஒட்டியே ஒரு பெரிய மணல்மேடு படுத்துக் கிடப்பதும் தெரிந்தன. அந்த மேட்டுக்கு 'டிராகன் குன்று' என்று பெயர். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரமாக ஓடுவதால் அங்கே பனி உண்டு, மழை கிடையாது. 1835 ஜூலையில் 'பீகிள்' கப்பலில் அங்கு வந்திறங்கிய டார்வின், ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தச் சிற்றூருக்குக் குடிநீரே சுமார் நாற்பது மைல் வடக்கிலுள்ள பிசாகுவாவிலிருந்து படகில் வருவதாகக் குறித்துவைத்தார். நீருக்கே வழியற்ற இடத்தில் நாடக அரங்கும் மணிக்கூண்டும் எழுந்தது எப்படி என்ற கேள்வி, துறைமுக வாயிலிலிருந்து சிறிது தூரம் நடந்து ஊரின் நடுவிலுள்ள பிராட் சதுக்கத்தை அடைந்தவுடன் எவருக்கும் எழும். (சரக்குத் துறைமுகம் என்பதால் உள்ளே நடக்க விடமாட்டார்கள், வாயில் வரை பேருந்தில்தான் கொண்டுவிடுகிறார்கள்.)

முதல் பிழை இங்கேதான். அவ்வூர்ப் பழைய வீடுகளைக் கட்டுரையாளர் ஸ்பானிய ஆட்சிக்கால மாளிகைகள் என்கிறார். ஸ்பெயின் அங்கிருந்து வெளியேறிப் பல பத்தாண்டுகள் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெடியுப்புப் பணத்தில் எழுந்தவை அவை. மணிக்கூண்டு 1870-களின் இறுதியைச் சேர்ந்தது. நகர அரங்கம் அதற்கும் சுமார் பத்தாண்டு பிந்தியது. பக்கெதானோ தெருவில் வரிசையாக நிற்கும் வீடுகள் அனைத்தும் மரத்தால் ஆனவை, நடைபாதைகூட மரப்பலகைதான். ஒரு மரமும் வளராத ஊரில் இத்தனை மரம் எப்படி வந்தது என்றால், வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஒரிகன் பைன் மரம் அது. மழையே பெய்யாததால் கூரைகளைத் தட்டையாக விட்டு, அதற்கு மேல் வெயிலுக்கு இன்னொரு பந்தல் போட்டிருக்கிறார்கள். தூண்களின் வெள்ளைச் சாயம் பல இடங்களில் உரிந்து, அடியில் மரத்தின் ரேகைகள் வெளியே தெரிகின்றன.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அந்தச் சதுக்கத்துக்குப் பெயர் தந்த சிலிக் கடற்படை அதிகாரி அர்துரோ பிராட்டை ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்ட விடுதலை வீரர் என்று எழுதியிருப்பது தவறு. அவர் போரிட்டது பெருவுடன். அப்போது இக்கீக்கேயே பெருவின் ஊர்தான். 1879-இல் மூண்ட பசிபிக் போரில் சிலியின் கப்பல்கள் இத்துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்தன. மே 21 அன்று பெருவின் இரும்புக் கவசக் கப்பலான 'உவாஸ்கர்' வந்து, பிராட் தலைமையேற்றிருந்த பழைய மரக்கப்பலான 'எஸ்மரால்டா'வை மோதி மூழ்கடித்தது. வாளேந்தியபடி எதிரிக் கப்பலின் தளத்தில் குதித்த பிராட் அங்கேயே உயிரிழந்தார். அந்த நாள் இன்றும் சிலியில் தேசிய விடுமுறை. இதைவிட என் மனத்தில் நின்றது பின்னர் நடந்த ஒன்று: உவாஸ்கரின் தளபதி மிகுவேல் கிராவ், பிராட்டின் வாளையும் அவரிடமிருந்த பொருள்களையும் பத்திரப்படுத்தி, அடுத்த மாதத் தொடக்கத்திலேயே ஓர் ஆறுதல் கடிதத்துடன் அவருடைய மனைவிக்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கிராவும் கடற்போரில் இறந்துபோனார். எஸ்மரால்டா மூழ்கிய இடத்தில் ஒரு மிதவை இருக்கிறது. கடற்சிங்கங்கள் படுத்திருக்கும் மீன்பிடித் துறையிலிருந்து படகில் போய்ப் பார்க்கலாம். கரையில் அக்கப்பலின் முழு அளவு மாதிரியும் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1883-இல் கையெழுத்தான அங்கோன் உடன்படிக்கையால் இக்கீக்கே அடங்கிய தாராபாக்கா மாகாணம் முழுவதும், அதன் உப்போடு சேர்த்து, சிலியின் கைக்கு மாறியது.

அந்த உப்புத்தான் அவ்வூரின் கதை முழுவதும். நைட்ரேட் நீரில் எளிதில் கரைந்துவிடும். ஒழுங்காக மழை பெய்யும் நிலத்தில் அது தங்கவே தங்காது. துருவப் பகுதிகளை விட்டால் உலகின் மிக வறண்ட பாலைவனமான அட்டகாமாவில் மட்டும் மண்ணுக்கடியில் 'காலிச்சே' என்னும் கெட்டிப் பாறையாகப் பெருமளவில் அது எஞ்சியதற்குக் காரணம் இதுவே. ஐரோப்பாவின் வயல்களுக்கு உரமாகவும் சுரங்கங்களுக்கும் போர்களுக்கும் வெடிமருந்தாகவும் அது போய்ச்சேர்ந்தது. அதைச் சுமந்த பெரிய பாய்மரக் கப்பல்கள் ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்றன. முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் சிலி அரசின் வருவாயில் ஏறத்தாழ பாதி இந்த ஏற்றுமதி வரியிலிருந்தே வந்தது.

இக்கீக்கேயிலிருந்து கிழக்கே சுமார் 47 கிலோமீட்டரில், அந்த மலைச்சுவரின் மேலேறி ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய ஹம்பர்ஸ்டோன், சாந்தா லவுரா என்னும் இரண்டு வெடியுப்பு ஊர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டும் 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. மரம் நொய்ந்தும் இரும்பு அரித்தும் போனதால் ஆபத்திலுள்ளவை என்ற பட்டியலிலும் உடனே சேர்க்கப்பட்டன. பழுதுபார்ப்புகளுக்குப் பின் 2019-இல்தான் அதிலிருந்து நீக்கப்பட்டன. 1862-இல் 'லா பால்மா' என்ற பெயரில் தொடங்கிய ஊர் பின்னாளில் ஹம்பர்ஸ்டோன் ஆயிற்று. உப்பைக் காய்ச்சும் முறையை அப்பாலைநிலத்தில் சீர்திருத்திய ஆங்கிலேய வேதியியலாளரின் பெயர் அது. 1960-இல் மூடப்பட்டபின் அதில் ஆளில்லை.

ஆளில்லாத ஊர் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாடகக் கொட்டகையில் மர இருக்கைகள் வரிசை கலையாமல் மேடையைப் பார்த்தபடி இருக்கின்றன. இரும்புத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்துச் செய்த நீச்சல் குளம், நீரின்றி, துரு ஏறி, குதிக்கும் பலகையோடு நிற்கிறது. தொழிலாளர் வீடொன்றில் கம்பியாலும் தகர டப்பாவாலும் குழந்தைகள் செய்த விளையாட்டு வண்டிகளை வைத்திருக்கிறார்கள். பிற்பகலில் காற்று கிளம்பியதும் ஊர் முழுவதும் கூரைத் தகரங்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின. எதிரே நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் சாந்தா லவுராவில் காலிச்சேயை நொறுக்கிக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்த ஆலையும் அதன் புகைபோக்கியும் மிஞ்சியிருக்கின்றன. வழிகாட்டி ஒரு காலிச்சேக் கட்டியை என் கையில் கொடுத்தார். பழுப்பும் வெண்மையும் கலந்து, பார்வைக்கு எதுவும் இல்லாத கல். இத்தனை ஆண்டுகள் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்த பொருளைக் கையில் வாங்கியபோது, நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆசையை ஆசிரியர் என்ற கௌரவத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் கூலி வில்லைகள் இருந்தன. சில பித்தளை, சில எபோனைட் என்னும் கருநிறக் கெட்டி ரப்பர். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் பெயர். கூலியைப் பணமாகத் தராமல் இந்த வில்லைகளாகத் தந்தார்கள். அவை அந்தந்த நிறுவனத்தின் கடையில்தான் செல்லும், விலையும் எடையும் கடைக்காரர் வைத்ததுதான். 1907 டிசம்பரில் பாலைநிலமெங்கும் வேலைநிறுத்தம் செய்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பத்தோடு இக்கீக்கேக்கு இறங்கிவந்தபோது அவர்கள் கேட்டவற்றைப் படித்தால் மனம் கனக்கும்: வில்லைக்கு முழு மதிப்புத் தர வேண்டும்; கடைக்கு வெளியே ஒரு தராசு வைக்க வேண்டும்; ஆட்கள் தவறி விழாதபடி கொதிக்கும் தொட்டிகளுக்கு இரும்புக் கம்பி அடைப்புப் போட வேண்டும்; இரவுப் பள்ளி நடத்த ஓர் இடம் வேண்டும். டிசம்பர் 21 அன்று, சாந்தா மரியா பள்ளியில் தங்கியிருந்த அவர்கள்மீது தளபதி ராபர்டோ சில்வா ரெனார்டின் ஆணையில் படையினர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையில் இன்றுவரை உடன்பாடில்லை. அரசு சொன்னது நூற்றுச் சொச்சம், மற்றவர்கள் சொல்வது ஆயிரங்களில். சிலியர், பெருவியர், பொலிவியர் எல்லோருமே அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பள்ளியின் பழைய கட்டடம் இப்போது இல்லை. ஆனால் அந்த இடம் பிராட் சதுக்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவுதான்.

உப்புக்கு முடிவு கட்டியதும் என் பாடப்புத்தகத்தில் இருந்த இன்னொரு வரிதான். ஜெர்மானிய வேதியியலாளர் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, 1930-களுக்குள் பாலைநில ஊர்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக அணைந்தன. இந்த இரண்டு வரிகளும் ஒரே கதை என்பதை நான் வகுப்பறையில் ஒருமுறையும் சொல்லவில்லை.

கட்டுரையாளரைக் குறை சொல்வதோடு நிறுத்துவது நியாயமாகாது. அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதானோ என்னவோ. எங்கள் கப்பலில் விற்ற சுற்றுலாவிலும் முதலில் ஹம்பர்ஸ்டோனுக்கு நாற்பது நிமிடமும் வரியில்லா வணிக வளாகத்துக்கு ஒன்றரை மணி நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். சாந்தா லவுரா திட்டத்திலேயே இல்லை. நாங்கள் ஐந்து பேர் அதை விட்டுவிட்டு, வெளியே வழிகாட்டியோடு ஒரு வேன் பேசிக்கொண்டு போனோம். எந்த நகரத்திலும் கிடைக்கும் கைப்பேசியையும் வாசனைத் திரவியத்தையும் வாங்க அத்தனை தூரம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பும் கப்பலில் இருப்பவர்கள் முதலில் மேலே உப்பு ஊர்களைப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் பக்கெதானோ தெருவுக்கு இறங்கினால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். தொப்பியும் நிறையக் குடிநீரும் கையில் இருக்கட்டும். மேலே நிழல் குறைவு.

பிராட்டைப் பற்றிய தகவலையும் வீடுகளின் காலத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் ஹம்பர்ஸ்டோன், சாந்தா லவுரா ஆகிய இரண்டு பெயர்களையும் சேர்த்து அச்சிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்